பழைய எண் 23, புதிய எண் இல்லை

செபமாலை மாதமான அக்டோபரின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில் பால் பாக்கெட் எடுக்க இறங்கினவர்கள் பார்க்கும்போது, எங்கள் குடியிருப்பின் சுற்றுச்சுவரில் தெருவைப் பார்த்தபடி ஒரு கதவு வந்திருந்தது. மழைக்கு மறுநாள் சுவரோரம் காளான் முளைக்கிற மாதிரிதான் அதுவும் வந்திருந்தது. பச்சைப் பெயிண்ட் அடித்த மரக்கதவு, பித்தளை நாதாங்கி, ஆள் கை பட்டுப் பட்டு வழவழத்துப்போன நிலை, நிலைக்கு மேலே நீலத் தகட்டில் வெள்ளை எழுத்தில் 'பழைய எண் 23', அதற்குக் கீழே 'புதிய எண்' என்று எழுதி எதிரில் ஒன்றும் எழுதாத வெற்றிடம். சுவரின் கனம் ஒன்பது அங்குலம். அந்தப் பக்கம் எங்கள் வண்டி நிறுத்துமிடம். அங்கே போய்ப் பார்த்தால் என் சின்ன மகன் கிளமெண்ட்டின் பைக் எப்போதும்போல் சுவரில் சாய்ந்து நின்றது, கதவும் இல்லை, கதவு இருந்த தடயமும் இல்லை. எப்படி வந்தது என்று பூந்தோட்டம் நான்காவது தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. யார் வைத்தது, யாரைக் கேட்டு வைத்தது என்றுதான் கேட்டார்கள்.

சந்தேகம் நேராகக் கோவிந்தம்மா மேல் போனது. அந்தச் சுவரோரம்தான் அவளும் அவள் வீட்டுக்காரர் ஏகாம்பரமும் இருந்தார்கள், குடியிருப்பு கட்டுவதற்கு முன்னால் அது செங்கல் அடுக்கிய வெற்றிடமாக இருந்த காலத்திலிருந்து இருந்தார்கள். ஒரு தார்ப்பாய், இரண்டு குண்டான், மூன்று கல், ஒரு தகரப் பெட்டி. அவள் மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து கொடுப்பாள். அவர் முன்பு மீன்பாடி வண்டி மிதித்தவர், இப்போது பார்வை மங்கிப்போய், பெரியாஸ்பத்திரியில் கொடுத்த சொட்டு மருந்தை நாளைக்கு நான்கு தடவை கண்ணில் விட்டுக்கொள்ள வேண்டும். விடுவது அவள்தான். சொட்டு விழும்போது அவர் கண்ணோடு வாயையும் சேர்த்துத் திறப்பார். "வாய மூடு, மருந்து கண்ணுக்கா வாய்க்கா" என்பாள் அவள், நான்கு தடவையும், தினமும்.

என் மனசிலும் அவர்கள் மேல் ஒரு சந்தேகம் வெகுநாள் இருந்தது, அதை மறைப்பானேன். போன வருஷம் மாடியில் காயப்போட்ட என் மெரூன் கலர் போர்வை காணாமல் போனபோது, நான் வாயால் ஒன்றும் சொல்லவில்லையே தவிர, மேலே போகும்போதும் கீழே வரும்போதும் அவர்கள் மூட்டையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டேதான் போனேன். கையில் செபமாலை உருளும், கண் மூட்டையில் இருக்கும். பிறகு போர்வை என் மருமகளின் அலமாரியிலேயே கிடைத்தது. ஆனாலும் பார்க்கிற பழக்கம் போகவில்லை.

கதவு வருவதற்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, மைக் கட்டின ஆட்டோ ஒன்று தெருத்தெருவாகப் போனது. "நடைபாதைவாசிகளுக்கு ஒரு நற்செய்தி" என்று அது சொன்னது. நற்செய்தி என்ற சொல்லைக் கோயிலில் ஃபாதர் வாயால் கேட்டுப் பழகிய எனக்கு, ஆட்டோ வாயால் கேட்டதும் என்னவோபோல் இருந்தது. வெள்ளிக்கிழமை வேன் வருமாம், வீடில்லாதவர்கள் எல்லாரையும் காப்பகத்துக்கு அழைத்துப் போகுமாம், அங்கே கட்டில் உண்டாம், ஃபேன் உண்டாம், மூன்று வேளை சாப்பாடு உண்டாம். ஆண்கள் காப்பகம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பெண்கள் காப்பகம் ஊரின் மறுகோடியில், பழைய மண்டிக்குப் பக்கத்தில். எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, அன்று சாயங்காலம் அவர்களுக்காகச் செபமாலையில் பத்து மணி கூடுதலாக உருட்டினேன். அப்புறம்தான் தெரிந்தது, சனிக்கிழமை பெரிய மனிதர்களின் கார்கள் எங்கள் மெயின் ரோடு வழியாகப் போகப்போகின்றன என்று. இந்த ஊருக்கு ஏழைகள் மேல் திடீரென்று அன்பு வரும்போதெல்லாம் பின்னாலேயே கார் வருவதை நான் இருபது வருஷமாகப் பார்க்கிறேன். கார் போனதும் அன்பும் போய்விடும்.

"எவ்வளவு நல்ல ஏற்பாடு" என்றார் எங்கள் குடியிருப்பின் செகரட்டரி பாலசுந்தரம் சார், ரிட்டயர்ட் அதிகாரி, எதையும் கையெழுத்துப் போடாமல் நம்பாதவர். "கட்டிலும் ஃபேனும் குடுக்கறான். இன்னும் என்ன வேணுமாம் இவங்களுக்கு?"

"கட்டிலு வேணாம் சார்" என்றாள் கோவிந்தம்மா. "என்னிய ஒரு மூலைக்கும் அவர ஒரு மூலைக்கும் இட்டுனு பூட்டா, அவரு கண்ணுக்கு எவன் மருந்து ஊத்துவான்? நீயா ஊத்துவ?"

"அங்கே ஆள் இருக்கும்மா அதுக்கெல்லாம்."

"ஆளு இருக்கும். வாய மூடுன்னு சொல்லுமா?"

சார் லிஃப்டுக்குள் போய்விட்டார்.

ஏற்பாடு என்ற அந்தச் சொல் எங்கள் வீட்டிலும் புழங்கின சொல்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் சொந்த வீட்டை விற்று இரண்டு மகன்களும் ஆளுக்கொரு ஃப்ளாட் வாங்கினபோது, இரண்டுமே சின்ன ஃப்ளாட், ஒவ்வொன்றிலும் கூடுதலாக ஒரு ஆளுக்குத்தான் இடம். அதனால் அப்பா பெரியவன் வீட்டில், அம்மா சின்னவன் வீட்டில் என்று பிள்ளைகளே உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். அங்கே பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட ஆள் வேண்டும், இங்கே பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். "நல்ல ஏற்பாடும்மா, அப்பாவுக்கு அங்க எல்லா வசதியும் இருக்கு" என்றான் கிளமெண்ட். வசதி இருக்கத்தான் செய்கிறது. ரயிலில் போனால் ஒன்றே கால் மணி நேரம். மாதத்தின் முதல் ஞாயிறு அவர் எங்கள் கோயிலுக்குப் பூசைக்கு வருவார். கை நடுக்கம், சட்டையின் மேல் பொத்தான் மட்டும் போட வராது. திறந்த கழுத்தோடு வந்து கோயில் வாசலில் நிற்பார், நான் போட்டுவிடுவேன், உள்ளே போவோம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் தங்கமானவர்கள்.

கதவுக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் செகரட்டரி ஒரு பூட்டுக்காரரையும் ஒரு ஆசாரியையும் வரவழைத்துவிட்டார். பூட்டுக்காரர் சாவித்துவாரமே இல்லை என்று கை விரித்தார். ஆசாரி உளியை வைத்துப் பார்த்துவிட்டு, இது அறுத்த மரமில்லை, இன்னும் வேரோடு நிற்கிற மரம் என்றார், கூலி வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் மார்க்கெட்டிலிருந்து வந்த கோவிந்தம்மா, கூடையை இறக்கி, செதில் ஒட்டின கையை முந்தானையில் துடைத்து, நாதாங்கியைத் தொட்டாள், கதவு திறந்தது. ஏகாம்பரத்தின் கையைப் பிடித்து, "படி கீது, காலத் தூக்கு" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் எட்டிப் பார்த்தோம். எங்கள் கண்ணுக்குத் திறந்த கதவுக்குப் பின்னால் செங்கல் சுவர்தான் தெரிந்தது. அவர்கள் அந்தச் செங்கலுக்குள் நடந்து போனார்கள், கதவு சாத்திக்கொண்டது, சற்று நேரத்தில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வாசனை தெருவுக்கு வந்தது.

அதற்கப்புறம் தெரு அந்தக் கதவோடு பழகிக்கொண்ட வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். புதன்கிழமை காலையில் அதன்மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்று ஒட்டியிருந்தது. பத்து மணிக்குக் கேபிள்காரர் வந்து கனெக்‌ஷன் வேண்டுமா என்று தட்டினார். மூன்றாம் மாடிப் பெண்கள் நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள், செகரட்டரி 'கதவின் முன் வண்டி நிறுத்தாதீர்' என்று பலகை மாட்டினார், ஏனென்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. நான் கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தை ஒருவரும் பார்க்காத நேரத்தில் தெளித்துப் பார்த்தேன், கெட்டதாக இருந்தால் புகையும் என்று நினைத்தேன். கதவு நனைந்தது, வெயிலில் காய்ந்தது, அவ்வளவுதான். ஆனாலும் எனக்கு அதன்மேல் நம்பிக்கை வரவில்லை. நல்லதாக இருந்தால் ஏன் எல்லாருக்கும் திறக்கவில்லை என்று யோசித்தேன்.

திறந்தது, இன்னும் இரண்டு பேருக்குத் திறந்தது. எங்கள் வாட்ச்மேன் பிரதான், ஒடிசாக்காரர், ஆறு வருஷமாக மீட்டர் பெட்டிக்குக் கீழே பெஞ்சில் படுப்பவர், போஸ்டரைக் கிழிக்கப் போய்க் கை பட்டதும் கதவு முழுசாகத் திறந்தது. உள்ளே ஒரு எட்டு வைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, தானே மெதுவாகச் சாத்தினார். என்ன இருக்கிறது என்று கேட்டோம். "ரூம் இருக்கு, ஜன்னல் இருக்கு. அவங்க வீடு, நான் போகக் கூடாது" என்றார். அன்று முழுக்க அவர் யாருக்கும் சல்யூட் அடிக்கவில்லை. அடுத்தது முதல் மாடியில் வாடகைக்கு இருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அக்ரிமெண்ட் முடிந்து ஊரில் ஏழாவது வீட்டுக்கு வந்திருப்பவர், விளையாட்டாகத் தோளால் இடித்தார், கதவு சரியாக ஒரு ஜாண் திறந்து நின்றுவிட்டது. அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனவர் மறுநாள் லீவு போட்டார்.

அந்த ஒரு ஜாணில் தெருவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. யாருக்கு வீடில்லையோ அவர்களுக்குத் திறக்கிறது, எவ்வளவு இல்லையோ அவ்வளவு திறக்கிறது. விளங்கின நிமிஷத்திலிருந்து ஒருவரும் அதன் பக்கம் போகவில்லை. இத்தனை நாள் கோவிந்தம்மாவைச் சந்தேகித்த கண்களெல்லாம் திரும்பி ஒன்றையொன்று பார்த்தன. கணவன் மனைவியைப் பார்த்தான், மாமியார் மருமகளைப் பார்த்தாள், பத்திரம் யார் பேரில் என்று வெகுநாளாகப் பேசாத குடும்பங்களில் பேச்சு வந்தது. எதிர்வரிசையில் ஒரு பெண் தன் அப்பாவைத் தெருவின் அந்த ஓரமாகவே நடத்திக் கூட்டிப்போனாள், அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு. ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். நானும் முந்தானைக்குள் இரண்டு கையையும் சுருட்டிக்கொண்டுதான் பால் வாங்கப் போனேன். எனக்கென்ன பயம், இரண்டு மகன் வீடு இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வேன் வந்தது. கூடவே வார்டு ஆபீஸிலிருந்து நாகலிங்கம் சார், கக்கத்தில் ஒரு பழைய ரெஜிஸ்டரோடு வந்தார். கெட்டவர் இல்லை, நெற்றி நிறைய விபூதி வைத்த மெலிந்த மனிதர், ஆனால் ரெஜிஸ்டரில் இருப்பதை மட்டும் கண்ணால் பார்ப்பார். தகட்டைப் பார்த்தார், பக்கங்களைப் புரட்டினார், வெகுநேரம் நின்றார்.

"என்ன சார்?" என்றார் செகரட்டரி.

"தெருவுக்குப் புது எண் போட்ட வருஷம், பழைய இருபத்திரண்டுக்கு நாற்பத்தேழு, அது உங்க பில்டிங். பழைய இருபத்து நாலுக்கு நாற்பத்தெட்டு, அது அடுத்த பில்டிங். இருபத்து மூணுக்கு நேரா ஒரு கோடு போட்டிருக்கு."

"கோடுன்னா?"

"கோடுன்னா கோடுதான். விட்டுப்போச்சு."

ஆக, விட்டுப்போன வீடு அது. முப்பது வருஷம் எங்கேயோ காத்திருந்துவிட்டு, தன் எண்ணுக்குரிய இடத்தில் வந்து நிற்கிறது. இதைக் கேட்டுத் தெரு தலையாட்டியது, ஆபீஸில் நடக்கிற தப்புதான் என்று ஒத்துக்கொண்டது. கஷ்டம் நாகலிங்கம் சாருக்குத்தான். வீடு இருந்தால் அவர்கள் வீடில்லாதவர்கள் ஆகமாட்டார்கள், வீடில்லாதவர்கள் இல்லையென்றால் வேனில் ஏற்ற முடியாது. ஆனால் புது எண் இல்லாதது வீடு ஆகாது, வீடு ஆகாத இடத்தில் இருப்பவர்களை ஏற்றியே ஆக வேண்டும். டிரைவர் ஹாரன் அடித்தார். வேனுக்குள் ஏற்கெனவே பதினைந்து பேர் இருந்தார்கள், ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம், நடுவில் ஒரு கயிறு.

"உள்ள வந்து பாரு சார்" என்றாள் கோவிந்தம்மா. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவருக்குச் செங்கல்தான் தெரிந்தது. மூக்கு இடிக்கிற தூரம் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"உள்ளே அறை இருக்குன்னு யாராவது பார்த்துச் சொல்லணும். இந்தத் தெருவாசியா இருக்கணும், ரேஷன் கார்டு இருக்கணும். அப்படி ஒரு சாட்சி கையெழுத்துப் போட்டா, கோட்டுக்குப் பக்கத்துல எழுதிடறேன். இல்லேன்னா மன்னிச்சுக்கோம்மா. நீ அந்த வண்டியோட அந்தக் கோடிக்கு, அவரு இந்தக் கோடிக்கு."

பிரதான் ஓடி வந்தார். அவரிடம் ரேஷன் கார்டு இல்லை. கம்ப்யூட்டர்காரர் தன் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தார். மற்றவர்கள் எல்லாரிடமும் ரேஷன் கார்டு இருந்தது, எல்லார் கையும் கட்டியிருந்தது. கோவிந்தம்மா கதவைத் தானாகச் சாத்திக்கொள்ள விட்டுவிட்டு, மருந்துச் சீசாவை எடுத்து ஏகாம்பரத்தின் சட்டைப்பையில் வைத்தாள். அவர் அதை எடுத்து அவள் கையில் திணித்தார். அவள் மறுபடி வைத்தாள். இரண்டு மூன்று தடவை இப்படியே நடந்தது. கடைசியில் அவள் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள். போர்வை காணாமல் போன நாளிலிருந்து நான் அவள் மூட்டையைப் பார்த்தது அவளுக்குத் தெரியும் என்று அந்தப் பார்வையில் எனக்குத் தெரிந்தது.

"பிலோமினா யம்மா" என்றாள். "நீ சாமி கும்புடறவ. பொய் சொல்லமாட்ட. வந்து பாத்து சொல்லு. இல்லன்னா இல்லன்னு சொல்லு, போறேன்."

"அம்மா, உனக்கு எதுக்கு இது, மேல வா" என்றான் கிளமெண்ட், ஆபீஸுக்குக் கிளம்பி ஹெல்மெட்டோடு நின்றவன். அவன் குரலில் அதட்டல் இல்லை, பயம் இருந்தது. எதற்குப் பயப்படுகிறான் என்று நான் ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன், உடனே எனக்கும் அதே பயம்தான் என்பது தெரிந்தது. திறக்காவிட்டால் அவர்கள் பிரிவார்கள், திறந்தால் தெருவே பார்க்கும், என் பிள்ளையைப் பார்க்கும். மாதாவே, திறக்க வேண்டும் என்று கேட்பதா, திறக்கக் கூடாது என்று கேட்பதா என்று தெரியாமல், வாழ்நாளில் முதல்முறையாக ஒன்றும் கேட்காமல் முந்தானையிலிருந்து கையை எடுத்து நாதாங்கியைத் தொட்டேன்.

கதவு ஒரு ஜாணோடு நிற்கவில்லை.

உள்ளே ஒரே ஒரு அறை. தரையில் கோரைப்பாய், பாயில் இரண்டு தலையணை பக்கம் பக்கமாக. கம்பி போட்ட ஒரு ஜன்னல், ஜன்னல் விளிம்பில் சீசா வைத்து வைத்துப் பதிந்த ஒரு வட்டம். மூலையில் கவிழ்த்த குண்டான். மேற்கொண்டு அங்கே ஒன்றும் இல்லை, ஒரு குறையும் இல்லை. நான் அதிசயம் எதையாவது எதிர்பார்த்துப் போனேன் போலிருக்கிறது. இரண்டு தலையணையைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

வெளியே வந்தேன். "வீடுதான், எழுதிக்குங்க" என்றேன்.

நாகலிங்கம் சார் வேனின் பக்கவாட்டில் ரெஜிஸ்டரை வைத்து, பேனாவை உதறி, அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதினார். ஏகாம்பரம், கோவிந்தம்மா, கணவன் மனைவி, குடியிருப்பு உண்டு. டிரைவர் வேன் கதவை இழுத்துச் சாத்தினார். அந்தப் பதினைந்து பேர் கயிற்றுக்கு இரண்டு பக்கமும் இருந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், அவர்களுக்கு விட்டுப்போன எண் ஒன்றும் இல்லை. கோவிந்தம்மா நன்றி சொல்லவில்லை. வீட்டுக்காரரின் தலையைப் பின்னால் சாய்த்து, "வாய மூடு" என்று சொல்லி, பத்து மணி மருந்தை விட்டாள்.

தெரு என்னைப் பார்க்கவில்லை. கிளமெண்ட்டைத்தான் பார்த்தது. சின்ன வயதில் சிலேட்டை உடைத்துவிட்டு வந்து நின்ற அதே முகத்தோடு அவன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். "நாங்க உன்னை நல்லாத்தானேம்மா வச்சிருக்கோம்" என்றான்.

"நல்லாத்தாண்டா வச்சிருக்க" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். "உன் ஃபோனக் குடு. அப்பாவுக்குப் போட்டுக் குடு."

மணி வெகுநேரம் அடித்தது. பிறகு அவர் குரல், எப்போதும்போல் பதறிக்கொண்டு. "யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. சட்டைய மாட்டிக்கிட்டுக் கிளம்பி வாங்க."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமதானே? ஞாயித்துக்கிழம இல்லியே."

"தெரியும். வாங்க."

"பொத்தான்..."

"அது கிடக்கட்டும், நான் போட்டுவிடறேன்."

அவருக்குப் பின்னால் பெரிய மருமகள் மிக்ஸி போடுகிற சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் நாகலிங்கம் சார் ரெஜிஸ்டரை என் பக்கமாகத் திருப்பி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை விரலால் காட்டினார். பெயர் எழுதியாகிவிட்டது, அடுத்த கட்டம் காலியாக இருந்தது.

"விலாசம் சொல்லுங்கம்மா" என்றார் அவர்.

"எந்த வீட்டுக்கு வரட்டும்?" என்றார் ஃபோனில் இவர்.

கோவிந்தம்மாவைப் பார்த்தேன். அவள் கதவைத் திறந்து உள்ளே போனாள், குண்டானை மூலையிலிருந்து எடுத்து வேறு பக்கம் நகர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது. நான் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதிலைச் சொன்னேன். "பழைய எண் இருபத்து மூணு."

நாகலிங்கம் சார் எழுதினார். எழுதிவிட்டுப் பழக்கத்தில் கேட்டார்.

"புதிய எண்?"

"இன்னும் வரல சார்" என்றேன்.